ஒட்டாத சோற்றுக்குப் பூச்சு எதற்கு?

வீட்டை விட்டு உயர்கல்விக்குக் கிளம்பும் மாணவர்கள் பானையையும் அரிசியையும் நெருப்பையும் அறிந்து வைத்திருப்பது நல்லது

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்தபின் ஜாசின் மாவட்டத்தின் பெம்பான் போன்ற சிற்றூர்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நம் மாணவர்கள் உயர்கல்விக்குக் கிளம்புகிறார்கள். சிலருக்கு மெர்லிமாவ் பொலிடெக்னிக் கிடைக்கிறது. சிலருக்கு டுரியான் துங்கலில் இருக்கும் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்னும் சிலர் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் என்று தொலைவாகப் போகிறார்கள். முதல் ஆண்டை விடுதியில் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டில் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வாடகை வீடு எடுப்பது வழக்கம். அந்த வீட்டுக்கு வாங்கும் முதல் பொருள் பெரும்பாலும் ரைஸ் குக்கர்தான்.

கடையில் வாங்கும்போது உள்பானையின் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கும். ஐந்து பேர் மாறி மாறிச் சமைக்கும் வீட்டில் அது நெடுநாள் அப்படியே இருப்பதில்லை. ஒருவர் எவர்சில்வர் கரண்டியால் சுரண்டுவார். இன்னொருவர் கம்பிப் பஞ்சால் தேய்ப்பார். சில மாதங்களில் கீறல் விழுந்து, பூச்சு உரியத் தொடங்கும். "இதில் சமைத்துச் சாப்பிடலாமா, கூடாதா?" என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வேதியியல், இயற்பியல், நம் நாட்டின் மருத்துவ வரலாறு எல்லாம் ஒரே பானைக்குள் இருப்பதைக் காணலாம்.

பூச்சு எங்கிருந்து வந்தது?

ஒட்டாப் பூச்சின் வேதிப்பெயர் பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன். சந்தைப் பெயர் டெஃப்லான். 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிரூட்டி வாயு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இது தற்செயலாகக் கிடைத்தது. வாயு அடைத்து வைத்த உருளைக்குள் வழவழப்பான வெள்ளைத் தூள் படிந்திருந்தது. எந்த அமிலமும் அதை எளிதில் கரைக்கவில்லை. எதுவும் அதில் ஒட்டவும் இல்லை. 1950களில் பிரான்சின் மார்க் கிரெகுவார் அதை அலுமினியச் சட்டியில் பூசும் வழியைக் கண்டார். 1956இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது.

இந்தப் பூச்சு பற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. "அது நஞ்சு" என்பது ஒன்று. "அதனால் ஒன்றும் ஆகாது" என்பது மற்றொன்று. உண்மையைப் பகுத்துப் பார்க்க வேண்டும்.

பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும். வெப்பம் இன்னும் ஏறினால் நச்சுப் புகை எழும். வெறும் சட்டியைப் பெரிய நெருப்பில் மறந்துவிட்டால் அந்த வெப்பம் வந்துவிடும். கூண்டில் வளர்க்கும் பறவைகள் அந்தப் புகையில் செத்துவிழுவது நன்கு அறியப்பட்ட செய்தி. ஆனால், சோறு ஆக்கும் பானையில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே ரைஸ் குக்கரில் இந்தப் புகைக்கு இடமில்லை. உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் அது பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறிவிடும்.

கெடுதல் வேறொரு இடத்தில் நிகழ்ந்தது. இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருளைத் துணைப்பொருளாகப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே இருந்த டூபான்ட் ஆலையிலிருந்து அது ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தது. மாடுகள் செத்த விவசாயி ஒருவருக்காக வழக்கறிஞர் ராபர்ட் பிலட் வழக்குத் தொடுத்தார். பிறகு ஏறத்தாழ 69,000 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் அந்தப் பொருளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவியலாளர் குழு முடிவு செய்தது. 2017இல் 67 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பீடு தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பிஎஃப்ஓஏவை விலக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

இன்று பெட்டியில் "பிஎஃப்ஓஏ இல்லை" என்று அச்சிட்டிருப்பதன் பின்னணி இதுதான். அந்த வரியைப் படித்துவிட்டுப் பூச்சே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிஎஃப்ஓஏ மட்டும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பொருள் இருக்கலாம். "கிரானைட்", "மார்பிள்" என்று விற்கப்படும் புள்ளி போட்ட சட்டிகளில் பலவும் இதே டெஃப்லான் வகைப் பூச்சுக் கொண்டவைதான். "செராமிக்" பூச்சு வேறு வகையானது என்றாலும் அதுவும் பூச்சுதான். வழக்கமாக அது இன்னும் விரைவில் ஒட்டாத தன்மையை இழந்துவிடும்.

பூச்சுப் பானை உடனே ஆளைக் கொல்லாது. ஆனால், அதற்கு ஆயுள் குறைவு. தேய்ந்ததும் குப்பைக்குப் போகும். அந்தப் பொருள் மண்ணில் எளிதில் மக்காது. கல்விக் கடனை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவர் ஒருவர் ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

சோறு ஏன் அடிப்பிடிக்கிறது?

இதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அரிசியைக் களையாமல் போட்டால் அதன் மேல் இருக்கும் மாவு தண்ணீரில் கரைந்து, சூட்டில் பசையாகிறது. பானையின் அடியில் தண்ணீர் வற்றியதும் அங்கே வெப்பம் 100 பாகையைத் தாண்டுகிறது. பசை காய்ந்து உலோகத்தோடு இறுகிவிடுகிறது. அதைத்தான் அடிப்பிடித்தல் என்கிறோம்.

ஆகவே ஒட்டாமல் இருக்க வழிகள் நான்கு: மாவைக் கழுவி நீக்குவது, தண்ணீரை அளந்து வைப்பது, கடைசிக் கட்டத்தில் நெருப்பைக் குறைப்பது, இறக்கியபின் மூடியபடி சிறிது நேரம் விடுவது. இந்த நான்கும் தெரிந்தவருக்கு எந்தப் பானையும் ஒட்டாப் பானைதான்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அது அரிசியின் வகை. அரிசி மாவில் அமிலோஸ், அமிலோபெக்டின் என்று இரண்டு கூறுகள் உள்ளன. அமிலோஸ் மிகுந்த பாஸ்மதி உதிரி உதிரியாக வரும். அது குறைந்த தாய்லாந்து வாசனை அரிசி சற்றுக் குழைவாக வரும். அமிலோஸ் அனேகமாக இல்லாத பூலோட் அரிசி பசைபோல் ஒட்டும். புழுங்கல் அரிசி தனி வகை. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பிறகே குத்துகிறார்கள். அவிக்கும்போதே மாவு வெந்து இறுகிவிடுவதால் பானையில் அது எளிதில் பசையாவதில்லை.

உயிர் காத்த புழுங்கல் அரிசி

புழுங்கல் அரிசிக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. மலாக்காவில் 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் கொடிய நோய் அது. தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாக இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள். காரணம் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் பெரும்பாலும் பச்சரிசிப் பிரிவினரையே தாக்கியது. 1907இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் அதைச் சோதித்து உறுதி செய்தார்கள். தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று, தீட்டும்போது போய்விடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த "ஏதோ ஒன்று" பி1 வைட்டமின் என்பது 1926இல் அது ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டபோது தெளிவானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் முன்னோர் பழக்கத்தால் உண்ட அரிசி அவர்கள் உயிரைக் காத்தது.

விடியுமுன் எழுந்து உலை வைத்து, சோறு வடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போன தாய்மார்களுக்கு ஒட்டாப் பூச்சு தேவைப்படவில்லை. புழுங்கல் அரிசி, தாராளமான தண்ணீர், வடித்தல் ஆகிய மூன்றும் அந்த வேலையைச் செய்தன.

மூன்று முறைகள்

முதலாவது, வடித்தல். ஒரு குவளை அரிசிக்கு ஆறு குவளைத் தண்ணீர் வைத்து, உலை கொதித்ததும் களைந்த அரிசியைப் போடுங்கள். மூடாமல் நடுத்தரமான நெருப்பில் வேகவிட்டு, இடையிடையே கிளறுங்கள். பச்சரிசி 12 நிமிடத்தில் வெந்துவிடலாம். புழுங்கல் அரிசிக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் வடித்துவிடுங்கள். ஆவி கையைச் சுடும். துணி பிடித்து, முகத்தை விலக்கி வடிக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் சோற்றை வடிதட்டில் கொட்டுவது எளிது. தண்ணீர் வற்றும் கட்டமே இல்லாததால் இதில் அடிப்பிடிக்க வழியில்லை. கஞ்சியோடு கொஞ்சம் சத்தும் போகும் என்பதால் அதைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

இரண்டாவது, தண்ணீர் வற்ற ஆக்குவது. அரிசியை மூன்று முறை களைந்து, 20 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். ஒரு குவளை வெள்ளை அரிசிக்கு ஒன்றரைக் குவளைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கொதித்ததும் நெருப்பை ஆகக் குறைத்து, இறுக மூடி 12 நிமிடம் வையுங்கள். இடையில் திறக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பலர் தவறவிடுவது இந்த 10 நிமிடத்தைத்தான். உள்ளே இருக்கும் ஈரம் அடிவரை பரவி, ஒட்டியிருக்கும் சோற்றை இளக்கிவிடும்.

மூன்றாவது, பானைக்குள் பாத்திரம் வைப்பது. பெரிய பானையில் சிறிது தண்ணீர் ஊற்றி, அரிசியும் தண்ணீரும் போட்ட எவர்சில்வர் பாத்திரத்தை அதற்குள் வைத்து மூடி வேகவிடுவது. பிரஷர் குக்கரில் அம்மா செய்வது இதுதான். சோற்றுப் பாத்திரத்தின் அடியில் நெருப்பு நேராகப் படாது. சுற்றிலும் தண்ணீரும் ஆவியுமே இருக்கும். அதனால் அடிப்பிடிக்காது. வெளிப்பானையில் தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் 1955இல் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி ரைஸ் குக்கரும் இந்த இரட்டைப் பானை முறையில்தான் இயங்கியது. அதை வடிவமைத்த யோஷிதாடா மினாமிக்காக அவருடைய மனைவி ஃபுமிகோ நாள்தோறும் சோறு ஆக்கிச் சோதித்தார். வெளிப்பானைத் தண்ணீர் வற்றியதும் வெப்பம் ஏறும். அந்த ஏற்றமே மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்றைய சாதாரணக் குக்கர்களில் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் வெப்பம் சற்று ஏற, காந்தத்தோடு ஒட்டியிருக்கும் உலோகக் கலவை தன் காந்தத் தன்மையை இழக்கும்; விசை "டக்" என்று மேலெழும். இந்த இயக்கத்தில் பூச்சுக்கு எந்த வேலையும் இல்லை. அதனால்தான் பூச்சில்லாத எவர்சில்வர் உள்பானை கொண்ட குக்கர்களும் சந்தையில் கிடைக்கின்றன. தேடி வாங்கலாம்.

எந்தப் பானையை வாங்குவது?

மாணவர் வீட்டுக்கு ஆகப் பொருத்தமானது அடிகனமான எவர்சில்வர் பானை. எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் பானையில் நெருப்புப் படும் இடம் மட்டும் சுட்டுத் தீய்வது இதனால்தான். அடியில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த பானையாகப் பார்த்து வாங்குங்கள். தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்போர் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்த அடுப்பில் வேலை செய்யும்.

அலுமினியப் பானை விலை மலிவு. வெற்றுச் சோற்றுக்குப் பாதகமில்லை. புளி, தக்காளி போட்ட சமையலுக்கு அது ஆகாது. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். ஊரிலிருந்து வரும் பாத்திரங்களில் கவனம் தேவை. இந்தாலியம் என்ற கலவையிலும் பித்தளையிலும் அலுமினியத்திலும் செய்த சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பழைய உலோகத்தை உருக்கி வார்த்த, பெயரும் முத்திரையும் இல்லாத பாத்திரங்களைத் தவிர்ப்பது நல்லது.

பித்தளைப் பானைக்கு உள்ளே பூசுவதை "ஈயம் பூசுதல்" என்கிறோம். இங்கே தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. மலாயாவில் தோண்டி எடுத்தது வெள்ளீயம். பாத்திரத்தில் பூச வேண்டியதும் அதுதான். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பூசுபவர் எதைப் பூசுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

மண்பானையில் ஆக்கிய சோற்றுக்குத் தனிச்சுவை உண்டு. கோலசிலாங்கூரில் தமிழ்க் குயவர்கள் செய்யும் பானைகள் பொங்கல் காலத்தில் நாடெங்கும் போகின்றன. மண்பானையை ஊறவைத்துப் பழக்கி, சிறு நெருப்பில் பயன்படுத்த வேண்டும். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பளபளப்பான வண்ணப் பூச்சுள்ள மலிவான மண்சட்டிகளில் காரீயம் இருக்கலாம், பூச்சில்லாததையே எடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மண்பானை ஒத்துவராது.

ஏற்கெனவே பூச்சுப் பானை வைத்திருப்போர் பதற வேண்டாம். அதற்குள் அரிசியைக் களையாதீர்கள், மரக் கரண்டி பயன்படுத்துங்கள், காலியாகச் சூடேற்றாதீர்கள். பூச்சு உரியத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பூச்சில்லாததை வாங்கலாம்.

மிச்சச் சோறு

பூச்சைப் பற்றிக் கவலைப்படும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. நம் நாட்டு வெப்பத்தில் ஆக்கிய சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சுடவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. காலையில் ஆக்கிவிட்டு விரிவுரைக்குப் போகிறவர்கள், மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். குக்கரில் விட்டுச் செல்வதானால் சூடு காக்கும் விசை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுதியில் இருப்போர் சமையல் சாதனங்களுக்கு அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

வாங்குமுன் ஒரு கணக்கு

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுக் குக்கரின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். நல்ல எவர்சில்வர் பானையின் விலையை இருபது ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்பதை எண்களே சொல்லும்.

அதற்குமுன் செய்ய வேண்டிய வேலை இன்னொன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பாக, ஒரு விடுமுறை நாளில் அம்மாவிடமோ பாட்டியிடமோ சோறு வடிக்கக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மகள் மட்டும் கற்க வேண்டியது என்று மகன்கள் ஒதுங்க வேண்டாம். பசி இருவருக்கும் ஒன்றுதான். பெம்பானில் படித்தாலும் பினாங்கில் படித்தாலும் அந்தப் பழக்கம் உங்களோடு வரும். பூச்சு தேயும், கைப்பக்குவம் தேயாது.